கைக் கிளச்

லொறிக்குக் கீழே கிடந்து சுபாஸ்கரன் வேலை செய்யும்போது அவனுடைய இடது கால் வெளியே, கருவிப்பெட்டியில் சாத்தியபடி நிற்கும். முழங்காலுக்குக் கீழே பொருத்துகிற பிளாஸ்ரிக் கால் அது. படுத்துக்கொண்டு வேலை செய்ய இடைஞ்சல். சண்டிலிப்பாயில் அவனுடைய கராஜுக்கு வருகிறவர்கள் அந்தக் காலைக் கண்டுதான் ஆள் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்வார்கள்.

அந்தச் சிறிய லொறி ஒரு காலத்தில் புகையிலை ஏற்றியது. பெற்றோல் கிடைக்காத யுத்த வருடங்களில் மண்ணெண்ணெயில் ஓடியது. பிறகு ஒரு வளவு மூலையில் கிடந்து உக்கி, அடித்தகட்டைத் துளைத்துக்கொண்டு ஆமணக்கு முளைத்து நின்றது. தொண்டைமானாற்றில் விருந்தினர் விடுதி நடத்தும் கனகரத்தினம் அதை இரும்பு விலைக்கு வாங்கிக் கராஜ் வாசலில் இறக்கியபோது தெருவில் போனவர்கள் நின்று சிரித்தார்கள்.

"மணல், சேறு எல்லாம் ஏறி இறங்க வேணும் சுபாஸ். குருவி பாக்க வாற வெளிநாட்டுச் சனத்தை ஏத்தப்போறன். ஏலுமோ?"

"ஓம் ஐயா, ஏலும். ஆனால் அவசரப்படுத்தக் கூடாது."

ஏழு மாதம் எடுத்தது. துருவை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்தான். உடைத்து விற்ற ஒரு ஜீப்பின் முன் அச்சைத் தேடிப் பிடித்துப் பொருத்தி, நாலு சில்லும் இழுக்கப் பண்ணினான். வில்லுத் தகடுகளைக் கூட்டி ஒரு சாண் உயர்த்தினான். தண்ணீருக்குள் இறங்கினாலும் எஞ்சின் மூச்சுத் திணறாதபடி காற்றுக் குழாயைக் கூரை வரை கொண்டுபோனான். பெரிய ரயருக்கு மட்காட்டை எவ்வளவு வெட்டுவதென்று பனை ஈர்க்கால் அளந்தான். வெட்டியபின் பார்த்தால் நூலளவு பிசகவில்லை. கைக்குணம் என்றால் அதுதான்.

கூரைப் படங்கைத் தைத்தது அவன் மனைவி உதயகலா. தொண்டைமானாற்றில் பிறந்தவள். உப்புக்காற்றில் சாதாரண நூல் உக்கிப்போகும் என்று தமையனிடம் வலை நூல் வாங்கிவந்து, கோணி ஊசியால் விரல் வீங்க வீங்கத் தைத்தாள்.

ஓட்டிப் பார்க்காமல் எப்படிக் குறை தெரியும்? கிளச் மிதிக்கக் காலில்லை. ஆகவே கியருக்குப் பக்கத்தில் தளத்தைத் துளைத்து ஒரு நீளத் தடி நட்டான். நுனியில் சைக்கிள் கைப்பிடி. தடியை இழுத்தால் கீழே கம்பி கிளச்சை இழுக்கும். தடி ஒரு பல்லில் மாட்டி நிற்கும். அதற்குள் கியரை மாற்றிவிடலாம். முதன்முதலாக அவன் ஒழுங்கையில் ஓட்டிவந்ததைக் கண்ட கனகரத்தினம் வாயில் கைவைத்தார்.

"உம்மடை கையாலை உயிர் குடுத்த சாமான். இனிச் சாரதியும் நீர்தான். மாதச் சம்பளம்."

கால் போவதற்கு முன் சுபாஸ்கரன் லொறிச் சாரதி. கைக் கிளச் உள்ள வாகனம் மட்டும் என்று எழுதிய அனுமதிப்பத்திரம் சட்டைப்பையில் இருக்கிறது. பதினேழு வருடமாக அதைக் காட்டி வேலை கேட்டு அவன் ஏறி இறங்காத படியில்லை. அன்று அவன் சோறு தின்னவில்லை. சந்தோசத்தில் பசிக்கவில்லை என்றான்.

செல்வச்சந்நிதியில் பூசை வைத்து, நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார்கள். சுபாஸ்கரன்தான் நசித்து ஓட்டினான். பிறகு உதயகலாவையும் ஏற்றிக்கொண்டு நீரேரிக்கரைத் தரவை வெளிக்குப் போனார்கள். விடுதியில் தங்கியிருந்த நாலு வெளிநாட்டவர் பின்னால் இருந்தார்கள். விடுதி வான் ஓட்டும் ஜெயதீபனும் வந்திருந்தான், ரவுனில் வளர்ந்த பெடியன்.

"ஒருக்கா இவனும் ஓடிப் பாக்கட்டும்," என்றார் கனகரத்தினம்.

சுபாஸ்கரன் இறங்கிக் கொடுத்தான். உதயகலா ஓடிவந்து சொன்னாள்: "தம்பி, வெள்ளையாக் கிடக்கிற பக்கம் விடாதையும். உமிரி முளைச்ச பக்கத்தாலை போம்."

ஜெயதீபன் தலையாட்டினான். ஆனால் உமிரிச் செடிப் பக்கம் மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. உப்புப் பூத்த பக்கமோ சீமெந்து போட்ட முற்றம் மாதிரிக் கிடந்தது. ஆழமறியாமல் காலை விடாதே என்பார்கள். ஜெயதீபன் நாலு சில்லையும் விட்டான். உப்புப் பொருக்கு உடைந்து, கறுத்த சேற்றில் லொறி அச்சளவுக்கு இறங்கியது. பயத்தில் அவன் மிதிக்க மிதிக்க இன்னும் கீழே தாண்டது.

"நிப்பாட்டு! எல்லாரும் இறங்குங்கோ!" என்றபடி சுபாஸ்கரன் சேற்றுக்குள் இறங்கினான். பிளாஸ்ரிக் கால் சேற்றில் இறுகிக்கொண்டது. குனிந்து அதைக் கழற்றி உதயகலாவிடம் நீட்டிவிட்டு, லொறியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நாலு சில்லையும் சுற்றிவந்தான். தீக்குச்சியால் வால்வைக் குத்தி ரயர்க் காற்றை அரைவாசிக்கு இறக்கினான். உதயகலாவும் ஜெயதீபனும் பனை மட்டைகளை இழுத்துவந்து சில்லுகளுக்குப் பின்னால் செருகினார்கள்.

பிறகு ஏறி இருந்து தடியைப் பிடித்தான். பார்க்கக் கண் கோடி வேண்டும். தடியை நூல் நூலாக விட்டான். சில்லுகள் சுழலவில்லை, உருண்டன. ஒரு மட்டை நெரிந்தது, பிறகு இன்னொன்று. ஒரு சொட்டுச் சேறும் தெறிக்காமல் லொறி வந்த தடத்திலேயே பின்னோக்கி ஏறி நின்றது. வெளிநாட்டவர் கைதட்டினார்கள். கனகரத்தினம் சேற்றோடு அவனைக் கட்டிப்பிடித்தார்.

"எப்பிடி அண்ணை?" என்றான் ஜெயதீபன்.

"கால் அவசரப்படும் தம்பி. கை பொறுக்கும்."

மூன்றாம் நாள் காலை, கழுவிய லொறி நின்ற கராஜுக்குக் கனகரத்தினம் வந்தார். கதிரையில் இருக்கவில்லை.

"பிழையா நினையாதையும் சுபாஸ். நீர் காலைக் கழட்டினதைக் கண்டு அந்த வெளிநாட்டுப் பிள்ளையள் திடுக்கிட்டுப் போச்சினம். காப்புறுதிக்காரரும் கேப்பினம்."

"கேட்டவையோ ஐயா?"

"இல்லை. கேப்பினம்." அவர் லொறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உந்தத் தடியைக் கழட்டிப்போட்டு ஓட்டையையும் அடைச்சுவிடும். ஜெயதீபன் ஓடட்டும். திருத்த வேலையெண்டால் உம்மட்டைத்தானே வருவன்."

உதயகலா படங்கின் மிச்சத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "சேத்திலை தாட்டவனுக்கு வேலை, தூக்கினவருக்கு வீடோ?" என்றாள்.

கனகரத்தினம் வாசல் பக்கம் திரும்பினார். பின்னேரம் ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"ஓட்டையை அப்பிடியே விடுங்கோ," என்றாள் அவள். "மழைத்தண்ணி அடிக்கட்டும்."

"லொறி என்ன பாவம் செய்தது?" என்றான் சுபாஸ்கரன். அரைகுறை வேலை செய்ய அவன் கைக்குத் தெரியாது. தடியைக் கழற்றினான். ஓட்டைக்கு அளவாகத் தகடு வெட்டி, வெல்டிங் பண்ணி, அரம் போட்டுத் தேய்த்து, பெயின்ற் அடித்தான். காய்ந்தபின் விரலால் தடவிப் பார்த்தான். ஓட்டை எங்கே இருந்ததென்று அவனுக்கே பிடிபடவில்லை.

நாலு மணிக்கு ஜெயதீபன் வந்தான். முகத்தை நேரே பார்க்காமல் ஏறி இருந்தவன், எஞ்சின் திறப்பைத் திருப்பாமல் மிதிகளைப் பார்த்தான்.

"அண்ணை... இதின்ரை கிளச் எவ்வளவிலை பிடிக்கும்?"

தடியில் அது எங்கே பிடிக்கும் என்று சுபாஸ்கரன் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வான். மிதியில் அவனுக்குத் தெரியாது.

"ஸ்ராட் பண்ணு. முதலாம் கியரைப் போட்டு, மற்றக் காலைப் பிறேக்கிலை வை," என்றான்.

கதவைத் திறந்து, படியைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் முழங்கால் குத்தினான். ஜெயதீபனின் கால்களுக்கு அப்பால் கையை நீட்டி, உள்ளங்கையால் கிளச் மிதியை அடிவரை அமத்திக்கொண்டு அவனுடைய இடது காலை எடுக்கச் சொன்னான். பிறகு நூல் நூலாக விட்டான்.

"இந்தா," என்றான், நிமிராமல். "இதிலை பிடிக்குது. உன்ரை காலைக் கொண்டு வா."