எபனேசரின் ஒன்பதாம் நரம்பு

எங்கள் மருத்துவக் கல்லூரியில், வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் எந்த உறுப்பின் பெயர் மறந்துபோகிறதோ, அதை மாணவனின் உடம்பிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். ரசீது உண்டு. அந்த விஷயத்தில் நிர்வாகத்தைக் குறை சொல்ல முடியாது.

என் அறைத்தோழன் எபனேசர், மார்த்தாண்டத்துக்காரன், தொண்டையில் டான்சிலைச் சுற்றியுள்ளதை இரண்டு வாரம் மனப்பாடம் செய்தான். முன்னால் ஒரு தூண், பின்னால் ஒரு தூண், வெளிப்பக்கம் தசைப் படுக்கை. எல்லாம் சொன்னான். படுக்கைக்கு அப்பால் ஓடும் நரம்பு எது என்று பேராசிரியை வளனரசி கேட்டபோது கூரையைப் பார்த்தான். கூரையில் எழுதியிருக்கவில்லை. குளாசோஃபாரிஞ்சியல் என்கிற ஒன்பதாம் நரம்பு போயிற்று. அதோடு நாக்கிலிருந்து கசப்பும் போயிற்று.

அன்று மாலை விடுதிக் காபியை மூன்று டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தான். மெஸ் கான்ட்ராக்டர் நெகிழ்ந்துபோய், மற்ற மாணவர்களுக்கும் இந்த வசதியைச் செய்து தரும்படி முதல்வருக்கு மனு எழுதினார்.

எபனேசருக்கு வேறு கவலை.

"ஊருக்குப் போனா அம்ம பாவக்கா வைப்பா. நான் மொகம் சுளிக்கணும்லா. சுளிக்கலேன்னா, வந்தது வேற எவனோன்னு நெனச்சுருவா."

வெள்ளிக்கிழமை காலை என் வைவா. அதே கேள்வி. சரியாகச் சொன்னேன். பேராசிரியை எபனேசரின் நரம்பை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது என் ஃப்ரெண்டோடது, மேடம்."

"தெரிஞ்சவங்க வெச்சுக்கலாம். அடுத்த ஆள்."

அறைக்கு ஓடினேன். எபனேசர் வாயைத் திறந்தான். வைத்தேன், வழுக்கி வெளியே வந்தது. பெயர் தெரியாத தொண்டையில் அது தங்காது.

"சொல்லுடா. குளாசோ…"

"குளாசோ…" என்றவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மதியம் முழுக்கச் சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் பாதியிலேயே நின்றான். அவன் ஊருக்குப் போகும் நாலரை மணிப் பேருந்து கிளம்பத் தயாரானபோது, படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு, திக்காமல் முழுப் பெயரையும் சொன்னான். நரம்பு என் கையிலிருந்து வழுக்கி, அவன் வாய்க்குள் போய் அமர்ந்துகொண்டது. நிறுத்தத்து வேப்பமரத்தில் ஓர் இலையைப் பறித்துக் கடித்தான். முகம் அப்படியே கோணியது.

"கசக்குதுலே!" என்று அழுதான். நடத்துநர் விசில் கொடுத்தார்.

ஞாயிறு இரவு திரும்பி வந்தான். அம்மா அடையாளம் கண்டுகொண்டாளாம்.

திங்கட்கிழமை அடுத்த பாடம், காது. நாங்கள் போனபோது பெஞ்சுகளிலெல்லாம் காதுகள் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தன. சுவரோரமாக நின்று குறிப்பெடுத்தோம். எபனேசரின் பேனா கீறியதும், முன்வரிசைக் காது ஒன்று திரும்பிப் பார்த்தது. அவன் பென்சிலுக்கு மாறிக்கொண்டான்.