பினாங்குக்கு ஒரு பரீட்சைப் பிரசங்கம்

நார்ஃபோக்கில் ஒரு சிற்றூரின் உதவிக்குரு செப்டிமஸ் ரட்ஜ், செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல்மஸ் திருநாளுக்குள் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். புதிதாக வந்த தலைமைக்குரு, தன் அக்கா மகனையே உதவிக்கு வைத்துக்கொண்டார். பினாங்குத் தீவின் பட்டாளத்துக்குக் குரு தேவை என்று கேள்விப்பட்டு, செப்டிமஸ் மனைவி தபித்தாவோடு லண்டனுக்கு வண்டி ஏறினான்.

ஆள் எடுக்கும் குழுவின் முன் பிரசங்கம் செய்துகாட்டுவது வழக்கம்.

"முப்பது பக்கம் எழுதியிருக்கேன். கம்மியோ?" என்றான் ஆலய வாசலில்.

"அறுப்புக் காலத்துல நம்ம ஊர்க்காரங்க மூணாம் பக்கத்துலயே குறட்டை விடுவாங்க. பாத்துக்கங்க," என்றாள் தபித்தா.

முன்வரிசை நடுவில் குழுத்தலைவர் கர்னல் பெல்லமி, பினாங்கில் பல வருடம் இருந்தவர். முதல் பக்கம் நன்றாகவே போயிற்று. நாலாம் பக்கத்தில் குறட்டை கேட்டது. செப்டிமஸ் ஊர்ப் பழக்கத்தில், தாளிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "பக்கத்துல இருக்கறவங்க அவரைக் கொஞ்சம் இடிச்சு விடுங்கப்பா," என்றான்.

பக்கத்தில் இருந்தவர் நிஜமாகவே இடித்துவிட்டார். கர்னல் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அப்போதுதான் இது தன் ஊர் இல்லை என்று செப்டிமஸுக்கு உறைத்தது. எந்த வரியில் நின்றோம் என்றே தெரியவில்லை. ஆமென் சொல்லி இறங்கிவிட்டான்.

தபித்தாவின் தோள் குலுங்கியது.

"சிரிக்கிறியா?"

"அழுதா மட்டும் வீடு கிடைக்குமா?"

குழுவினர் அவனை மட்டும் பக்கத்து அறைக்குள் கூப்பிட்டார்கள்.

"ஐயரே, என்னை இடிக்கச் சொன்னீங்களாமே," என்றார் கர்னல்.

"பழக்க தோஷங்க. மன்னிக்கணும்."

"அங்க வெயில்ல கவர்னரே தூங்குவார். அவரையும் இடிக்கச் சொல்வீங்களா?"

ஆமாம் என்றால் திமிர், இல்லை என்றால் பயம். இரண்டிலும் வேலை போய்விடும். யோசிக்க நேரமில்லாமல் மனதில் பட்டதைச் சொன்னான். "இல்லீங்க. இத்தனை நாள் தூங்கறவங்களை எழுப்பினதே தப்புன்னு இப்பத்தான் படுது. அவர் தூங்கினா நான் நிறுத்திக்குவேன்."

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போன ஐயர் ரெண்டு மணி நேரம் பேசுவார். பட்டாளத்துல பாதிப் பேர் கோயிலுக்கு வர்றதையே விட்டுட்டாங்க," என்றார் கர்னல். "அடுத்த மாசம் கப்பல். வீட்டம்மாவும் வர்றாங்கல்ல?"

வெளியே வந்ததும் தபித்தா அவன் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க ஆச்சு?"

"எடுத்துக்கிட்டாங்க."

"எதுக்காக?"

"பிரசங்கத்தை நிறுத்தறேன்னதுக்கு."

அவள் அவன் கையிலிருந்த தாள்களை வாங்கினாள். "அப்ப பீங்கான் தட்டெல்லாம் இதுல சுத்திக் கட்டிடலாம்."

"முதல் பக்கத்தை மட்டும் விட்டுடு," என்றான் செப்டிமஸ். "அது நல்லாத்தான் போச்சு."