பெரிய மாமரத்தின் இவ்வருடப் பலன்

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற செல்வநாயகத்துக்கு ஒரு பெருமை இருந்தது. அவர் எழுதிய கடிதம் எதுவும் விளக்கம் கேட்டுத் திரும்பி வந்ததில்லை. ஆகவே சித்திரை வருடப் பிறப்புக் கழிந்து மூன்றாம் நாள், அச்சுவேலிச் சந்தையில் பழக்கடை வைத்திருக்கும் நாகலிங்கம் மாமரம் குத்தகைக்குக் கேட்டு உரும்பிராய்க்கு வந்தபோது, ஒப்பந்தத்தைத் தானே எழுதுவதாகச் சொல்லிவிட்டார். நாகலிங்கம் சட்டைப் பைக்குள் மடித்துக் கொண்டுவந்த அச்சடித்த படிவத்தை வாங்கிப் பார்த்து, அதிலிருந்த இரண்டு எழுத்துப் பிழைகளைக் காட்டித் திருப்பிக் கொடுத்தார்.

அவருடைய வளவில் இரண்டு மாமரங்கள். முன்னால், றோட்டோரமாக நின்றது கறுத்தக் கொழும்பான், சந்தையில் நல்ல விலை போகும் இனிப்பு மாம்பழ இனம். உயரம் குறைவு, ஆனால் முற்றம் முழுவதும் நிழல் விழும்படி அகன்று, அந்த வருடம் கொப்பு முறியக் காய்த்திருந்தது. பின்னால், கிணற்றடியில் நின்றது புளிமாங்காய் மரம், சுருக்கமாகப் புளி மரம். அது வீட்டுக் கூரையைப் போல இரண்டு மடங்கு உயரம். அதன் காயைக் கடித்தவர்கள் சிறிது நேரம் ஒரு கண்ணை மூடிக்கொண்டே கதைப்பார்கள். வீட்டில் முன் மரத்தை 'முத்தத்து மரம்' என்பார்கள். பின் மரத்தைப் 'பெரிய மரம்' என்பார்கள். நாகலிங்கத்துக்கு இது தெரியாது.

அவர் வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து விறாந்தையில் இருந்தார். செல்வநாயகத்தின் மனைவி நாகேஸ்வரி, வருடப் பிறப்புப் படையலில் மிஞ்சிய மாம்பழம் ஒன்றைத் துண்டு போட்டுத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். நாகலிங்கம் ஒரு துண்டைத் தின்று, கண்ணை மூடி, சந்தைப் பழத்துக்கு இந்த ருசி ஒருநாளும் வராது என்றார்.

"இது உந்தப் பெரிய மரத்துப் பழம்தானே ஐயா?"

செல்வநாயகம் தட்டை அவர் பக்கம் தள்ளினார். "இன்னும் இரண்டு துண்டு எடுங்கோ."

நாகலிங்கம் இன்னும் இரண்டு துண்டு எடுத்தார். பிறகு பெரிய மரத்துக்கு முப்பதாயிரம் தருவதாகச் சொன்னார்.

செல்வநாயகத்துக்கு நம்ப முடியவில்லை. ஐயாயிரத்துக்கும் ஆள் வராத புளி மரத்துக்கு முப்பதாயிரம் தர ஒரு மனிதன் வந்து கதிரையில் இருக்கிறான். நாகலிங்கத்துக்கும் நம்ப முடியவில்லை. எண்பதாயிரம் பெறுமதியான கறுத்தக் கொழும்பானை முப்பதாயிரத்துக்குத் தர ஒரு படித்த மனிதர் பேனையைத் திறக்கிறார். மற்றவர் மனம் மாறுவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நினைத்தார்கள்.

செல்வநாயகம் எழுதத் தொடங்கினார். மரத்தின் நான்கு எல்லைகளையும் எழுதுவதாகத்தான் அவருடைய எண்ணம். ஆனால் மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. குசினியிலிருந்து நண்டுக் குழம்பின் வாசம் வந்தது. காலை கிளினிக்குக்குப் போய் வந்த களைப்பு வேறு. வந்தவரை வைத்துக்கொண்டு சாப்பிட முடியாது. சாப்பிடக் கேட்காமல் எழும்பவும் முடியாது. சட்டிக்குள் கிடந்தது இரண்டே இரண்டு நண்டு. நாகலிங்கமோ காசையும் கடதாசியையும் கைமாற்றாமல் போகிறவராகத் தெரியவில்லை. குசினிக்குள் அகப்பை சட்டியில் தட்டும் சத்தம் இரண்டு தரம் கேட்டது. எல்லைகளை விட்டுவிட்டு, 'மேற்படி வளவில் நிற்கும் பெரிய மாமரத்தின் இவ்வருடப் பலன் முழுவதும்' என்று எழுதி, கையெழுத்து வைத்து, பத்தாயிரம் முற்பணம் வாங்கிக்கொண்டு ஆளை அனுப்பிவிட்டார்.

சாப்பிடும்போது அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாகேஸ்வரி காரணம் கேட்டாள். சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

வைகாசி பிறந்த அடுத்த நாள் காலை, நாகலிங்கம் மாங்காய் பிடுங்கும் ஆட்கள் இரண்டு பேருடனும் ஒரு ஏணியுடனும் வந்தார். ஏணியை முன் மரத்தில் சாத்தினார்கள். பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த செல்வநாயகம், ஏணிக்கு நிழல் தேடி அங்கே சாத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தார். முதல் மாங்காய் வலைக்குள் விழுந்த பிறகுதான் எழும்பி ஓடினார்.

அன்றைக்கு நடந்த கதையை அடுத்த ஒழுங்கையில் உள்ளவர்களும் கேட்டார்கள். உயரமானதுதான் பெரியது என்றார் செல்வநாயகம். அகலமானதுதான் பெரியது என்றார் நாகலிங்கம். ஏணியில் நின்றவன் எந்தப் பக்கமும் பேசாமல் ஏணியிலேயே நின்றான். கடைசியில் நாகலிங்கம், சின்னப் பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் இணக்க சபைக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்தார்.

செல்வநாயகம் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறி, தம்பி முறையானவரின் மகனான சட்டத்தரணி சுபாஸ்கரனிடம் போனார். இணக்க சபையில் சட்டத்தரணிகள் வந்து பேச முடியாது என்றும், வேண்டுமானால் புத்தி சொல்லி அனுப்பலாம் என்றும் அவன் சொன்னான். பிறகு விளக்கினான். இரண்டு பேரும் இரண்டு வேறு பொருளை நினைத்துக் கையெழுத்து வைத்திருந்தால் அது தவறு. அப்படியானால் அந்த உடன்படிக்கை பிறக்கவே இல்லை. ஒருவர் பொய் சொல்லி மற்றவரை இணங்கச் செய்திருந்தால் மோசடி. வெருட்டியோ நெருக்கியோ கையெழுத்து வாங்கியிருந்தால் அழுத்தம். இந்த இரண்டிலும் உடன்படிக்கை பிறந்தது பிறந்ததுதான். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் முறிக்கலாம்.

"உங்கடை எது பெரியப்பா?"

"மூண்டும்."

சுபாஸ்கரன் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டான். "சரி, அழுத்தம் இருந்ததோ?"

"ஓம். நூற்றியறுபதுக்கு நூறு. கிளினிக் கொப்பி இருக்கு, அண்டைக்குக் காலமைதான் பார்த்தது."

"அதில்லைப் பெரியப்பா. அவர் உங்களை நெருக்கினவரோ?"

செல்வநாயகம் நண்டுக் குழம்பைப் பற்றிச் சொன்னார். அதைச் சட்டம் அழுத்தமாகக் கொள்ளுமா என்பது தனக்குச் சந்தேகம் என்றான் சுபாஸ்கரன். ஒப்பந்தத்தை எழுதியது யார் என்று கேட்டான். அதையும் சொன்னார். மோசடி என்ன என்று கேட்டான். இந்த வருடம் மாங்காய்க்கே விலை இல்லையென்று நாகலிங்கம் சொன்னாராம். வியாபாரிகள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றான் அவன். பிறகு, "நீங்கள் அவருக்கு ஏதும் சொன்னனீங்களோ?" என்று கேட்டான்.

செல்வநாயகம் சிறிது நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு மாம்பழத் தட்டைப் பற்றிச் சொன்னார். சுபாஸ்கரன் பேனையைக் கீழே வைத்தான்.

"அப்ப ஏமாத்தினது நீங்கள்தான். நல்ல காலம், நீங்கள் ஏமாத்தின மரத்தை அவர் கேக்கேல்லை. மோசடி எண்ட சொல்லை அங்கை எடுத்துப் போடாதேங்கோ. தவறு எண்டதை மட்டும் சொல்லுங்கோ, போதும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் செல்வநாயகம் இதை யோசித்தார். மூன்று காரணம் இருக்கும்போது ஒன்றை மட்டும் எழுதுவது அவருடைய கைக்கு வராத வேலை. மூன்றையும் தலைப்பிட்டு, மூன்று பிரதி தட்டச்சுச் செய்வித்தார். கிளினிக் கொப்பியின் போட்டோப் பிரதியை இணைப்பாக வைத்தார்.

இணக்க சபை கோப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைகளில் கூடியது. ஐந்தாம் வகுப்பு வாங்குகளில் முழங்கால் இடிக்க இரண்டு தரப்பும் இருந்தன. விசாரித்த மூவருக்கும் தலைமை தயாளினி ரீச்சர். இருபது வருடம் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவர். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைப்பதை அவர் அனுமதிப்பதில்லை. செல்வநாயகத்தின் மூன்று பக்கத்தையும் முழுவதும் வாசித்தார். கிளினிக் கொப்பியின் பிரதியையும் வாசித்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். தான் விற்றது பின் மரம் என்று செல்வநாயகம் சொன்னதையும், தான் வாங்கியது முன் மரம் என்று நாகலிங்கம் சொன்னதையும் ஒரு கொப்பியில் எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். இரண்டு கிழமை தவணை. அதுவரை ஒருவரும் மரங்களில் கை வைக்கக்கூடாது.

மரங்களில் ஒருவரும் கை வைக்கவில்லை. சோளகக் காற்று வைத்தது. நான்கு நாள் இரவும் பகலும் அடித்தது. றோட்டுப் பக்கம் திறந்து நின்ற முன் மரத்திலிருந்து காய்கள் கூடை கூடையாக விழுந்து அடிபட்டுப் போயின. வீட்டின் மறைவில் நின்ற புளி மரத்தில் ஒரு காய்கூட அசையவில்லை. அந்தக் கிழமையே, மாங்காயை ஊறவைத்து அச்சாறு போட்டுக் கனடாவுக்கு அனுப்பும் தொழில் தொடங்கிய அருமைநாயகி என்ற பெண் கோப்பாயிலிருந்து ஸ்கூட்டரில் வந்து புளி மரத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒரு காயைக் கடித்து, ஒரு கண்ணை மூடியபடி, அறுபதாயிரம் தருவதாகச் சொன்னாள். செல்வநாயகம் ஒரு கிழமை பொறுக்கச் சொன்னார். பொறுக்கச் சொன்னதற்கான காரணத்தை அவள் தெருவில் விசாரித்து அறிந்து, அப்படியே அச்சுவேலிக்குப் போய் நாகலிங்கத்திடமும் விலை கேட்டாள்.

இரண்டாம் தவணையில் செல்வநாயகம் முதலில் எழும்பினார். தான் ஆற அமர யோசித்துப் பார்த்ததாகவும், அகலமான மரத்தையே பெரிய மரம் என்பது உலக வழக்கம் என்றும், எனவே தான் விற்றது முன் மரமே என்றும், நாகலிங்கத்தின் நேர்மையைச் சந்தேகித்ததற்கு வருந்துவதாகவும் சொன்னார்.

நாகலிங்கம் எழும்பினார். ஐயா படித்தவர், அவர் முதலில் சொன்னதுதான் சரி என்றார். உயரமானதே பெரியது. தான் வாங்கியது பின் மரம். இதைத் தன் மனச்சாட்சி பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததாம்.

தயாளினி ரீச்சர் கொப்பியைத் திறந்து, முதல் தவணையில் அவர்கள் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் வாசித்தார். பக்கத்தில் இருந்த இரண்டு அங்கத்தவர்களும் யன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். ஒருவரின் தோள் குலுங்கியது.

பின் வாங்கில் இருந்த நாகேஸ்வரியிடம், உங்களுக்கு ஏதும் தெரியுமா என்று ரீச்சர் கேட்டார். அவள் எழும்பிச் சேலையைச் சரிசெய்தாள்.

"எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன் ரீச்சர். இவர் நினைச்சுக்கொண்டு வித்தது புளி மரம். அண்டைக்குச் சோறு தின்னேக்கை முழுக்கச் சிரிச்சவர். உவர் நினைச்சுக்கொண்டு வேண்டினது முத்தத்து மரம். படலையாலை போகேக்கை அவரும் சிரிச்சவர், நான் யன்னலாலை பார்த்தனான்."

"அந்த மாம்பழம்?" என்று நாகலிங்கம் கேட்டார். தான் தின்ற பழம் எந்த மரத்துப் பழம் என்று இப்போதாவது தெரிய வேண்டும் என்றார்.

"எங்கடை பழம் அப்ப முத்தேல்லை. அது அச்சுவேலிச் சந்தையிலை வேண்டினது. மூலையிலை, சிவப்புக் குடை விரிச்சிருக்கிற கடை. இருநூற்றைம்பது சொல்லி, ஒரு சதமும் குறைக்கேல்லை."

சந்தை மூலையில் சிவப்புக் குடை நாகலிங்கத்தினுடையது. அதன் கீழ் இருந்து வியாபாரம் செய்வது அவருடைய மனைவி.

ரீச்சர் எல்லாருக்கும் விளங்கும்படி சொன்னார். ஒருவர் ஒரு மரத்தை நினைத்தார், மற்றவர் மற்ற மரத்தை நினைத்தார். இரண்டு மனமும் ஒரு மரத்தில் ஒருநாளும் சேரவில்லை. ஆகையால் உடன்படிக்கை என்று ஒன்று இருந்ததே இல்லை. காற்று அடித்ததாலோ அச்சாறு விற்பதாலோ அது பிறகு பிறக்கப் போவதுமில்லை. பழத் தட்டும் நண்டும் இதற்குள் வரத் தேவையில்லை. முற்பணத்தை ஐயா திருப்பிக் கொடுப்பது, மரங்கள் ஐயாவுடன் இருப்பது. "சம்மதமோ?"

அந்த அறையில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். செல்வநாயகம் இணக்கப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி வாசித்தார். ஒரு பிழையும் இல்லை. அது அவருக்குக் கொஞ்சம் மனவருத்தமாகவும் இருந்தது. தான் எழுதிய ஒப்பந்தம்தான், தன் வாழ்நாளில் விளக்கம் கேட்டுத் திரும்பி வந்த முதல் கடிதம் என்று அவர் அப்போதுதான் உணர்ந்தார்.

வெளியே வந்ததும் அருமைநாயகிக்குத் தொலைபேசி எடுத்தார். அவள் மிகவும் மரியாதையாக, மூன்று நாளைக்கு முன்னர் சாவகச்சேரிப் பக்கம் நான்கு மரம் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். செல்வநாயகம் தொலைபேசியைப் பையில் போட்டுவிட்டு மதிலோரம் நின்றார். இரண்டு மரம், ஏறத் தெரியாத ஓர் ஆள், காற்று இன்னும் அடிக்கிறது.

நாகலிங்கம் தன்னுடைய சின்ன லொறியை அவருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். உரும்பிராய்ப் பக்கமாகத்தான் போகிறாராம், ஏறச் சொன்னார். நாகேஸ்வரி யன்னலோரம் ஏறினாள். செல்வநாயகம் நடுவில் இருந்தார். பிடுங்கும் கூலி தன்னுடையது, விற்கிற காசில் பாதிப் பாதி, முன் மரத்தில் மிஞ்சியதும் பின் மரம் முழுவதும் என்று நாகலிங்கம் சொன்னார். செல்வநாயகம் சம்மதித்தார். இதை எழுதவேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

லொறி கொஞ்சத் தூரம் போனது. பிறகு நாகலிங்கம் கியரை மாற்றிக்கொண்டே கேட்டார்.

"ஐயா, உங்கடை வளவிலை பிலாமரம் எத்தினை நிக்குது?"

"ஒண்டுதான்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

செல்வநாயகம் யோசித்தார்.

"ஒண்டுதான். ஆனால் இரண்டு கொப்பு வேலிக்கு மேலாலை அடுத்த வளவுக்குள்ளை போகுது. அதிலை காய்க்கிறது ஆருடையது எண்டு எனக்குத் தெரியாது. கிழக்குப் பக்கக் கொப்பிலை காய்க்கிறது உள்ளுக்குப் பழுது. போன வருசப் பழம் ருசியில்லை, வீட்டிலை ஒருத்தரும் தின்னேல்லை."

நாகேஸ்வரி வெளியே பார்த்துக்கொண்டு சிரித்தாள். நாகலிங்கம் லொறியை உரும்பிராய் றோட்டுக்குத் திருப்பினார். பிறகு, அப்படியானால் லொறியால் இறங்கி மரத்தைப் பார்த்துத்தான் விலை சொல்ல வேண்டும் என்றார்.