நான்கு சக்கர சோபா

அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். இத்தனை வருடத்தில் அவருடைய உரிமத்தில் ஒரு கரும்புள்ளிகூட விழுந்ததில்லை. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு, வெளியிலும் உண்டு. அப்படிப்பட்டவருக்கு முதல் அபராதம் ஒரு சோபாவால் வந்தது.

வீடு மாறிய நாள். மாடி வீட்டிலிருந்து எதிர்ப்பக்கத்துக் கீழ்வீட்டுக்கு எல்லாச் சாமானும் போய்விட்டது. சோபா மட்டும் புது வீட்டு வாசலில் நுழைய மாட்டேன் என்று மல்லுக்கு நின்றது. கதவைக் கழற்றத் தச்சரைக் கூட்டிவரக் கணவனும் மனைவியும் கிளம்பினார்கள். சோபாவைத் தெருவோரமாக விட்டு, காவலுக்கு மனைவியின் தம்பியை அதில் உட்கார வைத்தார்கள். உட்கார வைத்தால் தூங்கிவிடுவான் என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் அவன் நிற்க வைத்தாலும் தூங்குவான்.

திரும்பி வந்தபோது சோபாவின் கைப்பிடியில் அபராதச் சீட்டு ஒட்டியிருந்தது. நிறுத்தக் கூடாத இடத்தில் வாகனம் நிறுத்திய குற்றம். வாகன வகை: இதர. ஓட்டுநர் என்ற இடத்தில் அவருடைய பெயர்.

"என் பேரு எப்படிடா இதுல வந்துச்சு?"

"போலீஸ்காரர் எழுப்பினாரு மாமா. இது யாரோடதுன்னு கேட்டாரு. எங்க மாமாவோடதுன்னேன். யாரு ஓட்டுறதுன்னாரு. மாமாதான் டிரைவர்னேன். பின்னே, பொய்யா சொல்றது?"

அவர் ஆட்சேபம் எழுதிப் போட்டார். சோபா வாகனம் அல்ல, அதில் உட்காரத்தான் முடியும் என்று நயமாக விளக்கினார். பதில் வந்தது: 'தங்கள் ஆட்சேபம் பரிசீலித்து நிராகரிக்கப்படுகிறது. புகைப்படத்தில் நான்கு சக்கரங்கள் தெளிவாகத் தெரிகின்றன. உட்கார முடியும் என்பது எல்லா வாகனங்களுக்கும் பொருந்தும். பதிவு எண் பலகை இல்லாததை இம்முறை மன்னிக்கிறோம்.'

சக்கரம் இருந்தது உண்மை. வீடு பெருக்கும்போது நகர்த்த வசதியாக அடியில் நாலு குட்டிச் சக்கரம்.

"கட்டித் தொலைச்சிடலாமா?" என்றார் அவர். கட்டினால் உரிமத்தில் புள்ளி விழும். புள்ளி விழுந்தவரைப் பள்ளியில் பேருந்தைத் தொட விடமாட்டார்கள். கட்டாவிட்டாலும் அதே கதைதான்.

மனைவி தையல் கடைக்காரி. அரை அங்குலத்துக்காக வாடிக்கையாளர்களோடு மணிக்கணக்கில் வாதாடிப் பழகியவள். "செய்யாத தப்புக்கு எதுக்குக் கட்டணும்? அப்பீல் போடுங்க. நான் வந்து பேசுறேன்."

மேல்முறையீடு ஏற்கப்பட்டது. விசாரணைக்குச் சம்பந்தப்பட்ட வாகனத்தையும், சம்பவத்தின்போது அதில் இருந்த நபரையும் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு வந்தது. வருகிறேன் என்ற வேன்காரர் அன்று காலை கையை விரித்துவிட்டார். வேறு வழியில்லாமல் சோபாவைத் தெருவிலேயே தள்ளிக்கொண்டு போனார்கள். சிவப்பு விளக்கு விழுந்த இடத்திலெல்லாம் அவர் சோபாவை நிறுத்தினார். பச்சை விழுந்த பிறகே தள்ளினார். "ஒழுங்கா உருளுதேன்னு சந்தோஷப்படாம இது என்னங்க கூத்து?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மேல்முறையீட்டு அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. சாலையைப் பார்த்த தரைத்தள அறை அவருடையது. உள்ளே தள்ளி நிறுத்திய சோபாவைச் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து சக்கரங்களைத் தட்டினார். பிறகு ஓட்டுநரிடம் திரும்பினார்.

"சோபா வண்டியே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. இப்போ கேட்டுக்குள்ள திரும்பும்போது வலது கையை நீட்டிச் சிக்னல் காட்டினீங்களே, எதுக்கு? ஜன்னல்ல பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

அவர் வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "ரோட்டுல திரும்பினா கை காட்டணுங்க மேடம். பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியணும்ல."

"அப்போ இது வண்டிதான்."

மனைவி கணவனை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்கிறேன் என்ற பார்வை. பிறகு சட்டென்று குரலை மாற்றினாள். "ஏங்க, உங்க ஸ்கூல் பஸ்ஸை சோபா நின்ன அதே இடத்துலதானே தினமும் நிறுத்துறீங்க?"

"அது பிள்ளைங்க இறங்குறதுக்கு. பயணி இறங்குற வரைக்கும் நிக்கலாம், அதுக்குத் தடை இல்ல."

"மேடம், வண்டின்னே வச்சுக்குங்க. இவரு டிரைவர்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ அதுல உக்காந்திருந்த என் தம்பி யாரு? பயணி. அவன் இறங்குறதுக்காகத்தான் வண்டி நின்னுச்சு."

அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "பயணி இறங்க நியாயமான நேரம்தான் அனுமதி. இவரு இறங்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது அவன் எழுந்திரிக்கிறதைப் பொறுத்தது மேடம்."

"சோதிச்சுப் பார்த்துடலாம். தம்பி, நீங்க உக்காருங்க. நான் சொன்னதும் இறங்குங்க."

தம்பி சோபாவில் உட்கார்ந்தான். அதிகாரி மேசை மேலிருந்த கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்து, "இறங்குங்க" என்றார். பதில் குறட்டையாக வந்தது. அதிகாரியின் உதவியாளர் தோளைத் தட்டினார். அவன் அந்தக் கையையே இழுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டான். கையை உருவ முடியாமல் உதவியாளர் பாதி குனிந்தபடியே நின்றார். அடுத்த வழக்குக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் விசிலடித்தார். மதிய உணவு நேரம் வந்தது. அதிகாரி தன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்தார். பயணி இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருந்தான்.

அதிகாரி பெருமூச்சு விட்டு எழுதத் தொடங்கினார். சம்பந்தப்பட்ட பயணிக்கு நியாயமான நேரம் எது என்பதை இந்த அலுவலகத்தால் நிர்ணயிக்க முடியவில்லை, ஆகவே வாகனம் அனுமதிக்கப்பட்ட முறையிலேயே நின்றதாகக் கொள்ளப்படுகிறது, அபராதம் ரத்து, உரிமத்தில் புள்ளி இல்லை.

ஓட்டுநருக்குக் கண் கலங்கிவிட்டது. உத்தரவை மடிக்க மனமில்லாமல் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டே நின்றார். "ரொம்ப நன்றிங்க மேடம்" என்று உரக்கச் சொல்லி அதிகாரிக்கு மூன்று முறை கும்பிடு போட்டார். பாதி குனிந்து நின்ற உதவியாளருக்கும் ஒன்று போட்டார்.

அந்தச் சத்தத்தில் தம்பி கண்ணைத் திறந்தான். அறையில் எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"மாமா, ஜெயிச்சுட்டோமா?"

"ஜெயிச்சுட்டோம் மாப்ள."

"நான் ஏதாவது பேசினேனா?"

"பிரமாதமாப் பேசினேடா" என்றாள் அக்கா.