அந்தோனியாருக்குப் போன எண்ணெய்

யோசப்பின் என்ற தன் மகள் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் கோட்டை விட்டுவிட்டாள் என்று தெரிந்ததும், லூர்த்தம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டாள். குருநகரில் அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. போர்க்காலம்; ஆழ்கடலுக்குப் போகத் தடை, மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைக்கும் சொட்டுத்தான். ஆனாலும் தன் மகளை ஊர் 'டீச்சர்' என்று கூப்பிடுவதைக் காதாரக் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் அவளுக்குக் குறையவில்லை.

“படிப்பிக்கிற நீங்கள் என்ன செய்தனீங்கள்?” என்று கணித ஆசிரியை மக்டலீனிடம் பாய்ந்தாள்.

மக்டலீன் சண்டைக்கு வரவில்லை. லூர்த்தம்மாவுக்கு அதுவே ஏமாற்றம்.

“என்ரை பிழையும் இருக்கு அம்மா. வீட்டுக்கணக்குச் செய்யாமல் வந்தவளை வகுப்புக்கு வெளியிலை நிப்பாட்டினனான். ஏன் செய்யேல்லை எண்டு கேக்கேல்லை. நேற்றுத்தான் கேட்டனான். படிக்க வெளிச்சம் இல்லையாம்.”

“வெளிச்சம் இல்லையோ? வீட்டிலை போத்தல் விளக்கு...” என்று லூர்த்தம்மா தொடங்கினாள்.

விளக்கு இருந்தது, ஊற்றத்தான் ஒன்றும் இல்லை. பிள்ளை பாஸ் பண்ண வேண்டும் என்று அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்து, கூப்பனுக்குக் கிடைத்த மண்ணெண்ணெயைக் கொடுத்துத் தேங்காயெண்ணெய் மாற்றி, ஒவ்வொரு பொழுதும் கோயில் விளக்குக்கு ஊற்றி வந்தவள் அவளேதான். இருட்டியதும் படுத்துவிடும் மகளைச் சரியான நித்திரைக்காரி என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவளும் அவள்தான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். “ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?”

“எனக்காகத்தானே அம்மா நேர்ந்தனீங்கள். எப்பிடி நிப்பாட்டச் சொல்லுறது?”

“திரும்பச் சோதினை எடு மோனை.”

“வேண்டாம். நான் மாமியோடை கருவாடு விக்கப் போறன்.”

பொழுதுபடக் கோயில் மணி அடித்தது. லூர்த்தம்மா போகவில்லை. கோயிலுக்கென்று வைத்திருந்த எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி, திரி போட்டுக் கொளுத்தி, கணிதப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்தோனியார் கோபித்தால் கோபிக்கட்டும்.

மகள் புத்தகத்தைத் தொடவில்லை. வெளிச்சத்தைப் பார்த்தபடி இருந்தாள். முன்பு வாய்விட்டுப் படிப்பாளே, அந்தக் குரலை இனி ஒருதரம் கேட்க மாட்டோமா என்று தாய்க்கு நெஞ்சு தவித்தது. திரி எரிந்து குறைந்துகொண்டே வந்தது.

“ஒரு கணக்கு, பிள்ளை,” என்றாள். “ஒண்டே ஒண்டு.”

அந்தோனியாரிடம்கூட அவள் இப்படி இரந்ததில்லை.