கழற்றச் சொல்லிக் கொடுக்காத கண்ணாடி

கண்ணாடிக் கடைக்காரருக்கு இப்போதெல்லாம் கடையில் அதிக வேலை இல்லை. பவர் பார்ப்பது, பில் போடுவது எல்லாம் மகள் பொறுப்பு. இவர் மூலையில் உட்கார்ந்து வளைந்த காதுக்கம்பியை நிமிர்த்துவார், கழன்ற திருகாணியை முடுக்குவார், மிச்ச நேரத்தில் பேத்தியோடு வம்பளப்பார். பேத்திக்கு நாலு வயது. வீட்டில் கூப்பிடுவது 'பொடிசு' என்று. வாய் மட்டும் பெரிசு.

"தாத்தா, நீ எந்திரி. அது என் ஸ்டூல்."

உலகத்தில் அவரை 'நீ' என்று சொல்ல மிச்சமிருந்த ஒரே ஆள் அவள்தான். வயது ஏற ஏற ஒரு மனிதனை 'நீ' என்பவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுபோவார்கள். அம்மா போய்ச் சேர்ந்தாள், அண்ணனும் போய்விட்டார். மனைவி கல்யாணமான நாளிலிருந்தே 'நீங்க'. கடைத்தெருவுக்கு அவர் 'ஐயா'. அதனால் பொடிசு விரட்டும்போதெல்லாம் கிழவருக்கு உள்ளூரக் குளிர்ந்துபோகும். உடனே எழுந்து இடம் கொடுத்துவிடுவார்.

மகளுக்கு அது பொறுக்கவில்லை.

"பாருங்கப்பா, இவ ஸ்கூல்ல மிஸ்ஸையே 'ஏய், நீ இங்க வா'ன்னு கூப்பிட்டாளாம். என்னை நிக்க வெச்சுக் கேக்குறாங்க. எனக்குச் சொல்லிக் குடுத்தீங்கல்ல, அந்தக் கண்ணாடி விளையாட்டு? அதையே இவளுக்கும் சொல்லிக் குடுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பா."

கிழவர் கையிலிருந்த திருகாணி நழுவி எங்கேயோ உருண்டது. அதைத் தேடுகிற சாக்கில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

அந்த விளையாட்டு பிறந்தது இதே கடையில், இதே ஸ்டூலில்தான். அப்போது மகளுக்கு இதே வயது, பட்டப்பெயர் 'வாயாடி'. பிரேம் பார்க்க வந்த ஒரு பெரிய மனிதரை அண்ணாந்து பார்த்து, "உன் மூக்கு ரொம்பப் பெரிசு. இது உனக்குப் பத்தாது" என்று சொல்லிவிட்டாள். சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, அதுதான் வினை. "பிள்ளைய வளத்திருக்கிற லட்சணத்தப் பாரு!" என்று அவர் எழுந்து போய்விட்டார். கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று சாயங்காலமே பழைய பிரேம்களைத் தகர டப்பாவில் அள்ளிப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தடித்த கறுப்பு பிரேமை மாட்டினால் அவர் டாக்டர். தங்கக் கம்பி மாட்டினால் டீச்சர். மூக்கு நுனியில் தொங்கவிட்டால் பக்கத்துக் கடைத் தையல்காரர். வாயாடி ஒவ்வொருவரையும் வரவேற்று உட்காரவைக்க வேண்டும்.

"வாங்க டாக்டர், உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

குழந்தை கற்பூரம், டக்கென்று பிடித்துக்கொண்டாள். பிடித்த வேகத்தில் அளவுதான் தெரியவில்லை. "அப்பா, வாசல்ல நாய் வந்திருக்காங்க" என்றாள். "மழை பெய்யறாங்க, குடை எடுத்துக்கணும்" என்றாள். தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார், தலைகால் புரியாத பெருமையோடு.

பிறகு ஒருநாள் விளையாடி முடித்து, பிரேமைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, "வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டார்.

"போலாங்க. கை குடுங்க."

"விளையாட்டு முடிஞ்சிடுச்சுடா. நான் அப்பா."

"தெரியுங்க."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். மனைவியிடம் சொல்லிப் பார்த்தார். "இப்பத்தான் ஒழுங்காப் பேசுறா, நீங்களே கெடுத்துடாதீங்க" என்று அவள் வாயை அடைத்துவிட்டாள். ஊரே மெச்சுகிற மரியாதையை எந்தத் தகப்பன் வேண்டாம் என்பான்? 'குனி, தோள்ல ஏறணும்' என்று சட்டையைப் பிடித்து இழுத்தவள், 'கொஞ்சம் குனியிறீங்களா?' என்று கேட்க ஆரம்பித்தாள். அவர் வேலையாக இருந்தால் பரவாயில்லை என்று போயும்விடுவாள். அந்தத் தோள் அதற்கப்புறம் காலியாகவே இருந்தது.

இப்போது பொடிசும் போய்விடுவாளே என்று கிழவருக்குப் பயமாக இருந்தது. தாத்தா செல்லம் குட்டிச்சுவர் என்று பெயர் வாங்கினாலும் சரி, மாட்டேன் என்று சொல்லிவிடலாமா? ஆனால் வெளியே நாலு பேர் குழந்தையை மட்டம் தட்டுவார்களே. மறுநாள் சாயங்காலம், கூட்டம் ஓய்ந்ததும், பரணிலிருந்து தகர டப்பாவை இறக்கினார். தன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கறுப்பு பிரேமை மாட்டிக்கொண்டார். உலகம் மங்கியது.

பொடிசு அம்மாவைவிடக் கெட்டிக்காரி. டாக்டரை உட்காரவைத்தாள், டீச்சருக்குத் தண்ணீர் கொடுத்தாள், தையல்காரரிடம் "மூக்குலேர்ந்து விழப்போகுதுங்க, பாத்துங்க" என்று எச்சரிக்கையும் செய்தாள். கல்லாப் பக்கம் பில் மெஷின் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது.

கிழவர் பிரேமைக் கழற்றினார்.

"இப்ப நான் யாரு?"

பொடிசு யோசித்தாள். "தாத்தாங்க."

கிழவர் அவளைக் கிட்டே இழுத்துக்கொண்டார். "இல்லடி தங்கம், இதுதான் முக்கியமான பாடம். கண்ணாடி மாட்டினா டாக்டரு, டீச்சரு, அவங்களுக்கு 'நீங்க'. கழட்டிட்டா வெறும் தாத்தா. தாத்தாவுக்கு 'நீ'தான். 'நீங்க'ன்னு சொன்னா தாத்தாவுக்கு அழுகை வந்துடும்."

"அம்மா உன்னை 'நீங்க'ன்னுதானே சொல்றாங்க?"

"உங்கம்மாவுக்கு மாட்டத்தான் சொல்லிக் குடுத்தேன், கழட்டச் சொல்லிக் குடுக்கல. அவ இன்னும் என்னை டாக்டர்னே நெனச்சுக்கிட்டு இருக்கா."

பொடிசு விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ டாக்டர் இல்ல! நீ தாத்தா! எந்திரி, என் ஸ்டூல்!"

எழுந்தார். தன் கண்ணாடிக்காக மேஜையைத் தடவினார். அப்போதுதான் பில் மெஷினின் சத்தம் நின்று வெகுநேரமாகிவிட்டது காதில் உறைத்தது. கல்லாவுக்கு முன்னால் ஓர் உருவம் மங்கலாக நின்றுகொண்டிருந்தது.

"அங்க இல்லப்பா" என்றது மகளின் குரல். "வலது பக்கம் பாருங்..."

பாதியிலேயே நின்றது.

"வலது பக்கம் பாருப்பா. உன் கைகிட்டயேதான் இருக்கு."

கிழவரின் விரலில் கண்ணாடி தட்டுப்பட்டது. அவர் அதை எடுக்கவில்லை.

"எங்க? தெரியலயே" என்றார். "இன்னொரு தடவ சொல்லு."