சொன்னது சொன்னபடி

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வடக்கனந்தல் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் கார்டைக் கசக்கி மடித்து எடுத்துவருகிறவர்களிடம் நான் பேசுகிற பேச்சுக்கு, பக்கத்தில் வேறு கடை இருந்தால் ஒருவரும் என் கடைப்படி ஏறமாட்டார்கள் என்று என் மனைவி சொல்வாள்.

மனைவி பெயர் செந்தமிழ்ச்செல்வி. கரியாலூர் பக்கம் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ். பல வருடமாக மலைக்கு ஸ்கூட்டியில் போய்வந்தவள், ஒரு மழை நாளில் வளைவில் சறுக்கி விழுந்து முழங்காலில் பிளேட் வைக்கும்படி ஆகிவிட்டது. இனிமேல் ஸ்கூட்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ் அவளுடைய நேரத்துக்கு வராது. வந்தாலும் இறங்கி நடக்கிற தூரத்துக்கு அந்த முழங்கால் தாங்காது. அதனால் கையிலிருந்ததையும் அவள் நகையையும் சேர்த்து ஒரு சின்னக் கார் வாங்கினோம். கியர் தானாக மாறுகிற வண்டி. காலையில் அவளைக் கொண்டுபோய் விட்டுவந்து கடை திறப்பேன், சாயங்காலம் போய் அழைத்துவருவேன். கார் ஓடினால் அவளுக்கு வேலை இருக்கும். ஓடாவிட்டால் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

கார் சமதரையில் தங்கம். கள்ளக்குறிச்சிக்குப் போனால் சத்தமே இல்லாமல் போகும். கோமுகி அணை தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அதன் குணம் மாறிவிடும். பாதி ஏற்றத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும், வண்டி அப்படியே நின்றுவிடும். கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல மறுபடி கிளம்பும். வாரத்தில் இரண்டு நாளாவது இந்தக் கூத்து.

நிற்கிற இடமும் அநேகமாக ஒன்றேதான். அந்த வளைவை ஒட்டி செல்லன் என்பவருடைய மரவள்ளிக் கொல்லை இருக்கிறது. வண்டி நின்ற சத்தம் கேட்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து பின் சக்கரத்துக்குக் கல் கொடுப்பார். வண்டி பின்னால் உருண்டு பள்ளத்தில் போகாமல் இருந்ததே அவரால்தான். "இன்னா நர்சம்மா, இன்னிக்கும் மூச்சு வாங்குதா?" என்பார். டீக்குக் காசு நீட்டினால் வாங்கமாட்டார். "எம் மவ பிரசவத்துக்கு அம்மாதான் கூட வந்து நின்னாங்க. கல்லு எடுத்துப் போடறதுக்கு இன்னா காசு?" என்பார்.

வண்டிக்கு இரண்டு வருட வாரண்டி. முதல் வருடமே கள்ளக்குறிச்சி ஷோரூமுக்குக் கொண்டுபோனேன். ஒரு பையன் பைபாஸில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "வண்டி சூப்பரா கீது சார். ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டறதுக்குக் கொஞ்சம் பழகணும்" என்றான். இருபது வருடமாக ஓட்டுகிறவனிடம்! வண்டியைக் கழுவித் துடைத்து, உள்ளே எலுமிச்சை வாசனை அடித்து, திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

வாரண்டி முடிய நாலு மாதம் இருக்கும்போது இரண்டாவது முறை போனேன். அன்று காலையில்தான் ஏற்றத்தில் முக்கால் மணி நேரம் நின்றிருந்தோம். தடுப்பூசிக்கு வந்த தாய்மார்கள் காத்திருந்து திரும்பிப் போய்விட்டார்கள் என்று செந்தமிழ்ச்செல்வி கண் கலங்கியிருந்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது. ஷோரூமில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கவியா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது.

"வண்டியில இன்னா ப்ராப்ளம்னு சொல்லுங்க சார், எழுதிக்கறேன்" என்று ஒரு தாளை எடுத்து வைத்தாள்.

நான் ஆரம்பித்தேன். அவள் குனிந்த தலை நிமிராமல் எழுதினாள். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து, "மரவள்ளிக் கொல்லையத் தாண்டி வலது கைப்பக்கம் திரும்பற ஏத்தமா சார்? நான் கரியாலூர்தான் சார், அந்த எடம் தெரியும்" என்றாள். அத்தனை பேரில் சரியான கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அதற்காக அவளிடம் தணிந்து பேசியிருக்கலாம். ஆனால் எனக்கு அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. வாய்க்கு வந்தபடி பேசினேன். நான் பேசப் பேச அவள் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. மேனேஜரிடம் காட்டி என்னை மாட்டிவிடத்தான் எழுதுகிறாள் என்று நினைத்து, "எழுதிக்கோ, நல்லா எழுதிக்கோ!" என்று கத்திவிட்டு, நீட்டிய இடத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். எனக்கென்று ஒரு நகல் கொடுத்தாள். வரும் வழியில் பஜ்ஜி தின்றுவிட்டு அதில் கையைத் துடைத்து எறிந்தேன். ஊருக்கெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பவன் செய்கிற காரியம்!

இந்தத் தடவை சாஃப்ட்வேர் மாற்றியிருக்கிறோம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

வாரண்டி முடிந்து பதினோராம் நாள் வண்டி செல்லன் கொல்லைக்குப் பக்கத்தில் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. ஆறவிட்டும் அசையவில்லை. செல்லனும் கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்த நாலு பேரும் சேர்ந்து அதை ஓரமாகத் தள்ளினார்கள். மரவள்ளி ஏற்ற வந்த வண்டிக்காரரிடம் சொல்லி, முன்சீட்டில் இடம் பிடித்து, செந்தமிழ்ச்செல்வியை ஏற்றி அனுப்பிவைத்ததும் செல்லன்தான்.

ஷோரூமில் மேனேஜர் தனசேகரன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பேசினார். "கியர்பாக்ஸ், கிளட்ச் எல்லாமே போயிடுச்சி சார். ஒண்ணே கால் லட்சம் ஆவும். வாரண்டி முடிஞ்சிடுச்சே!"

"வாரண்டியில இருக்கச் சொல்லவே ரெண்டு வாட்டி வந்து சொன்னேனேங்க!"

"ரெண்டு வாட்டியும் ஜெனரல் செக்கப்னுதான் சார் ஏத்தியிருக்கு. கியர்ல கம்ப்ளைண்ட்னு ஒரு எடத்துலகூட இல்ல. அப்பவே கம்ப்ளைண்ட் பதிவாகியிருந்தா கம்பெனியில கேக்கலாம். உங்ககிட்ட பேப்பர் எதுனா இருக்கா?"

என் பேப்பர் பஜ்ஜிக் கடையோடு போயிற்று. தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்த வாரம் முழுக்க செந்தமிழ்ச்செல்வி கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு போய்வந்தாள். முழங்கால் வீங்கிப்போனது. ஞாயிற்றுக்கிழமை மேசைமேல் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு, வேலையை விடுவதாக எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்டாள். ஊரார் மனுவையெல்லாம் டைப் அடித்துக் கொடுக்கிற எனக்கு அதற்கு ஒரு வரி வரவில்லை.

மறுநாள் போன் வந்தது. "சார், நான் ஷோரூம்லருந்து கவியா பேசறேன். கம்ப்யூட்டர்ல லிஸ்ட்டுல இருக்கறதத்தான் சார் அமுக்க முடியும். அதான் ஜெனரல் செக்கப்னு ஏறியிருக்கு. ஆனா அன்னிக்கு நீங்க சொன்னத நான் கையால எழுதினேன் இல்ல, அந்த ஷீட்டு இங்கதான் இருக்குது. பழைய கட்டுல தேடி எடுத்துட்டேன். வெள்ளிக்கிழமை சென்னையிலருந்து வாரண்டி ஆபீசர் வர்றாரு. நீங்க வாங்க."

"எல்லாத்தையுமா எழுதின?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்னது சொன்னபடி எழுதியிருக்கேன் சார்."

அன்று நான் பேசியதில் ஒன்றை இதுவரை உங்களிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. "மல மேலருந்து எறங்கி வந்ததுங்களயெல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்கார வெச்சா வண்டி இப்படித்தான் நிக்கும்" என்று சொன்னேன். அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அன்று காலையில் மலையிலிருக்கிற ஒருவர் கல் கொடுத்துக் காப்பாற்றிய வண்டியில் வந்து இறங்கி, அதைச் சொன்னேன். செந்தமிழ்ச்செல்விக்கு இது தெரியாது. அந்த மலை ஜனங்களுக்காகத்தான் அவள் முழங்காலை உடைத்துக்கொண்டவள்.

நான் மட்டும் போய்வருகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "என் வேலைக்குதானே போறீங்க? நானும் வரேன்" என்று கிளம்பிவிட்டாள்.

ஆபீசர் வழுக்கைத் தலையும் பெரிய கண்ணாடியுமாக இருந்தார். ஒரு பக்கம் தனசேகரன். கதவோரம் கவியா. தனசேகரன் அவளைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. அவள் அதைக் கவனிக்காதவள்போல அந்தத் தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தது. ஆபீசர் என் கையெழுத்தையும் தேதியையும் பார்த்தார். பிறகு உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"'ஏத்தத்துல ஏறச் சொல்ல எரும சேத்துல படுத்துக்கினா மாதிரி நின்னுபூடுது.'" படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "'மஞ்ச லைட்டு எரியுது. ரெண்டாவது கியர்லருந்து ஒண்ணாவதுக்கு எறங்க மாட்டேங்குது. கருகின வாசன வருது. கால் மணி நேரம் ஆறவுட்டா திருப்பி ஓடுது. நீங்க எல்லாம் இன்னாத்துக்குக் கடையத் தொறந்து வெச்சிக்கினு கீறீங்க? வண்டியக் கழுவி வுட்டா கியர் வுழுமா? எலுமிச்சம்பழ வாசன அடிச்சா மல ஏறுமா?'"

ஆபீசருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. செந்தமிழ்ச்செல்வி என் தொடையில் கிள்ளினாள். அவர் தாளைத் திருப்பினார். அந்த வரி வந்தால் எழுந்து வெளியே போய்விடலாமா என்று யோசித்தேன். ஆனால் அந்தத் தாள் இல்லாவிட்டால் செந்தமிழ்ச்செல்வியின் வேலை போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"'நிக்கிற எடம்: கரியாலூர் ரோட்டுல மரவள்ளிக் கொல்லையத் தாண்டி வலது பக்கம் திரும்பற ஏத்தம். பைபாஸ்ல ஓட்டிப் பாத்தா தெரியாது, மலைக்கு ஓட்டிப் பாருங்க. எழுதிக்கோ, நல்லா எழுதிக்கோ.'" அவ்வளவுதான். கீழே என் கையெழுத்து.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்கு மேல இன்னாங்க எழுதணும்? கிளட்ச் சூடாவுதுன்னு தெளிவா இருக்குது. மலைக்கு எடுத்துக்கினு போய் யாராவது ஓட்டிப் பாத்தீங்களா தனசேகரன்?" தனசேகரன் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். "வாரண்டி இருக்கச் சொல்லவே கம்ப்ளைண்ட் வந்திருக்கு. கம்பெனி செலவுல மாத்திக் குடுங்க." பிறகு கவியாவைப் பார்த்து, "யாரும்மா உன்ன இப்படி எழுதச் சொன்னது?" என்று கேட்டார்.

"ஷீட்டுலயே போட்டிருக்கு சார்" என்று அவள் மேலே அச்சடித்திருந்த வரியைக் காட்டினாள். வாடிக்கையாளர் கூறும் வாகனக் குறைகளை அவருடைய வார்த்தைகளிலேயே எழுதவும் என்று இருந்தது. அங்கே வேலை செய்கிறவர்களில் அதைப் படித்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும். செந்தமிழ்ச்செல்வி அந்த அறையிலேயே அழுதுவிட்டாள். அந்த நேரத்தில் காலில் விழச் சொன்னாலும் விழுந்திருப்பேன்.

ஒன்பது நாள் கழித்து வண்டி தயாராயிற்று. அதற்கு முன் கவியாவே மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு மலைக்கு ஓட்டிப் பார்த்திருக்கிறாள். வண்டி நிற்காமல் ஏறியதைப் பார்த்து செல்லன் கல்லும் கையுமாக நின்று சிரித்தாராம். சாவி வாங்க நானும் செந்தமிழ்ச்செல்வியும் போனோம். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு கவியாவைப் பார்த்ததும் மறந்துபோனது.

"அன்னிக்கு மலையிலருந்து எறங்கி வந்ததுங்கன்னு உன்ன ஒண்ணு சொன்னேன்மா. அத மட்டும் எழுதாம வுட்டுட்டியே" என்றேன்.

செந்தமிழ்ச்செல்வி சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

கவியா மேசை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்தாள். பிறகு, "அதுல வண்டியோட குறையத்தான் சார் எழுதணும்" என்றாள்.

"குறை வண்டியில மட்டும் இல்லம்மா. என்ன மன்னிச்சிடு."

"தெரியும் சார்" என்று சொல்லிவிட்டுச் சாவியை நீட்டினாள். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.